படைவீரர் குடும்பங்களும் விமான நிலையச் சோதனையும்: கேள்வி பதில்

விடுப்பு முடிந்து திரும்பும் வீரர்களும் அவர்களைப் பார்க்கப் போகும் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. தரைப்படையில் பணியாற்றி, பிறகு ஒரு விமான நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

சூலூர் வாசகி: என் கணவர் விமானப்படையில் இருக்கிறார். கோவை விமான நிலையத்தில் சோதனைக்கு எங்களுக்குத் தனி வரிசை உண்டா?

கிடையாது, அம்மணி. சோதனையே வேண்டாம் என்று அரசு விலக்கு அளித்திருப்பவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. குடியரசுத் தலைவர், பிரதமர் போன்றோருடன் முப்படைத் தளபதிகளும் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே கர்னல் ஆனாலும் சிப்பாய் ஆனாலும் அதே எக்ஸ்ரே, அதே உடல் சோதனைதான். எனக்கு இதில் வருத்தமே இல்லை. சீருடையைக் கடையில் தைத்துக்கொள்ளலாம், அடையாள அட்டையைப் போலியாக அச்சடிக்கலாம். வரிசையில் நிற்கும் காவலருக்கு அது தெரியவா போகிறது?

சலுகை என்று இருப்பதெல்லாம் விமான நிறுவனங்கள் தருபவை. படையினர் கட்டணம், கூடுதல் சாமான் எடை ஆகியவற்றைச் சில நிறுவனங்கள் கொடுக்கின்றன. அந்த டிக்கெட்டை எடுத்துவிட்டுப் படை அடையாள அட்டையையோ சார்ந்தோர் அட்டையையோ வீட்டில் வைத்துவிட்டு வந்தால் கவுண்டரில் வாக்குவாதம் நிச்சயம்.

கோபி வாசகர்: அமெரிக்கப் படையில் இருக்கும் என் தங்கை மகன், அங்கே பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் போவதாகச் சொல்கிறான். இங்கே ஏன் இல்லை?

உங்கள் மருமகன் சொல்வது சரிதான். படையினருக்குச் சோதனையை எளிதாக்க அந்த நாட்டில் 2012 ஜனவரியில் ஒரு சட்டமே வந்தது. 'பிரீசெக்' என்னும் விரைவுச் சோதனை முறை அங்கே பணியில் இருப்போருக்கு இலவசம். படை அட்டையில் உள்ள பத்து இலக்க எண்ணை டிக்கெட் எடுக்கும்போது கொடுத்தால் போதும். பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோருடன் அதே வரிசையில் போகலாம். 2025 ஜூலையில் படையினரின் மனைவிக்கோ கணவருக்கோ அதன் கட்டணத்தில் 25 டாலர் குறைத்தார்கள். பணியில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்தாருக்குக் கட்டணமே இல்லை என்றார்கள். அதே மாதத்தில் காலணியைக் கழற்றும் விதியை எல்லாப் பயணிகளுக்குமே எடுத்துவிட்டார்கள். ஆகவே காலணி விஷயத்தில் மட்டும் அவர் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆளின் பின்னணியை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு, வாயிலில் சோதனையைக் குறைப்பது அவர்கள் வழி. நம் உள்நாட்டுப் பயணத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. 2024 முதல் கோவையிலும் இருக்கும் டிஜி யாத்ரா முகத்தைப் பார்த்து நுழைவாயிலைத் திறக்கும்; பையைச் சோதிப்பதில் எதையும் குறைக்காது.

தாராபுரம் வாசகர்: நான் முன்னாள் ஹவில்தார். என் பழைய முதுகுப்பையைக் கல்லூரியில் படிக்கும் மகன் விமானப் பயணத்துக்குக் கேட்கிறான். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மற்ற எந்தக் கேள்வியை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போய் வந்த பையின் உள்மடிப்பிலும் தையல் ஓரத்திலும் ஒரு தோட்டா தங்கிவிடுவது சாதாரணம். கண்ணுக்குத் தப்பியது எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். உடனே பையைத் தனியே எடுத்துவைத்துவிட்டுப் போலீஸை அழைப்பார்கள். ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகலாம். விமானம் போய்விடும்.

தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொல்லியிருக்கிறது. அந்த அடிப்படையில், துப்பாக்கி இல்லாமல் ஒற்றைத் தோட்டாவோடு சிக்கியவர்கள் மீதான வழக்குகள் பலவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதுவரை வக்கீல் வீட்டுக்கு நடக்கப்போவது யார்? பணியில் இருப்பவர் என்றால் படைப்பிரிவுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பையைக் கவிழ்த்து உதறினால் மட்டும் போதாது. ஒவ்வொரு அறைக்குள்ளும் விரலை விட்டு, அடித்தட்டின் அட்டையை உருவி, தையலைத் தடவிப் பாருங்கள். காலித் தோட்டாவில் செய்த சாவிக்கொத்தும் வேண்டாம்; நினைவுப் பொருள் என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

காங்கேயம் வாசகி: டெல்லியில் பணிபுரியும் மகனுக்கு நெய், ஊறுகாய், கொப்பரை கொண்டுபோக வேண்டும்.

நெய்யும் ஊறுகாயும் கைப்பையில் வேண்டாம்; கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் போட்டு எடை போடக் கொடுத்துவிடுங்கள். மிளகாய் ஊறுகாய் கைப்பையில் தடை செய்யப்பட்ட பொருள். கொப்பரையைக் கைப்பையிலும் பெட்டியிலும் மறுப்பார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்து விதிகளில் அதற்கு அபாயச் சரக்கு எண்ணே இருக்கிறது. களத்தில் மலைபோல் காய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். பருப்புப்பொடியையும் நாட்டுச் சர்க்கரையையும் பெட்டியில் வைக்கத் தடையில்லை. பவர் பேங்க் மட்டும் நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

பொள்ளாச்சி வாசகர்: கண்ணிவெடியில் இடது காலை இழந்தவன். செயற்கைக் காலை எல்லார் முன்னாலும் கழற்றச் சொல்வார்களோ என்றே விமானத்தைத் தவிர்க்கிறேன்.

தவிர்க்காதீர்கள், ஐயா. செயற்கை உறுப்பு உள்ளவர்களை விமான நிலையத்தில் அதைக் கழற்றச் சொல்லக்கூடாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கருத்துத் தெரிவித்திருக்கிறது. உலோகம் காட்டும் வாயிலில் நுழைவதற்கு முன்பே காவலரிடம் சொல்லிவிடுங்கள். மணி அடித்த பிறகு சொன்னால் அவரும் பதறுவார். தனியறை கேளுங்கள். சிறு துணிப்பட்டையால் செயற்கைக் காலைத் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று ஓர் இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில நொடிகளில் முடிவு தெரிந்துவிடும். முழங்காலுக்கு மேல் எளிதாக ஏறும் தளர்ந்த கால்சட்டை போட்டுக்கொண்டால் பாதி வேலை குறையும்.

யாராவது கழற்றச் சொன்னால், அவரோடு மல்லுக்கு நிற்காமல் பணிப் பொறுப்பு அதிகாரியை வரச் சொல்லுங்கள். உடம்பில் குண்டுச் சிதறல் தங்கியவர்கள் மருத்துவச் சான்றின் நகலை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

நாமக்கல் வாசகி: என் ஆதாரில் அப்பாவின் இனிஷியல், சார்ந்தோர் அட்டையில் கணவர் பெயர். சிக்கல் வருமா?

எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, டிக்கெட்டில் அதிலுள்ளபடியே பெயர் இருக்கட்டும். உங்களோடு வரும் சிறு பிள்ளைகளுக்கு உள்நாட்டுப் பயணத்தில் தனி அடையாள அட்டை தேவையில்லை.

பெருந்துறை வாசகர்: மகனைப் பார்க்க முதல்முறை ஸ்ரீநகர் போகிறோம்.

போகும்போது வழக்கமான சோதனைதான். திரும்பும்போது மூன்று மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். முனையத்துக்கு வெகு முன்பே வெளிவாயிலில் வண்டியை நிறுத்தி, எல்லாச் சாமானையும் இறக்கி எக்ஸ்ரேயில் விட்டு, மறுபடியும் ஏற்ற வேண்டும். உள்ளே வழக்கமான சோதனை தனி. விமானத்தில் ஏறும் முன் இன்னொரு முறை பார்ப்பதும் உண்டு. அது விமானப்படைத் தளம் என்பதால் படம் எடுக்கத் தடை. பேரப்பிள்ளை கையில் கைப்பேசி இருந்தால் முதலில் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.