நம் குணத்தைக் கதாபாத்திரத்துக்குக் கொடுப்பது எப்படி?

"என் கதையில் எல்லாரும் என்னைப் போலவே பேசுகிறார்கள், என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களை முழுசாக ஒருவருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு குணத்தை எடுத்து, உங்கள் வாழ்க்கைக்குச் சம்பந்தமே இல்லாத ஆளிடம் கொடுங்கள். கடன் கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதைக் களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலை விற்கும் ஒருத்திக்குக் கொடுத்தேன். "பொறவு தந்தா போரும்" என்று குலையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். அன்றைக்கு மகளின் பள்ளிக்கூட ஃபீஸ் நின்றுபோகிறது. மாதச் சம்பளக்காரனான எனக்கு வெறும் சங்கடம், அவளுக்கு வீட்டில் பெரிய சண்டை. கதை அங்கேதான் பிறக்கிறது.

வயதை மாற்றியும் பார்க்கலாம். சுந்தர ராமசாமி சிறுவயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர். 1998இல் வந்த 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' நாவலில் அந்த ஊரையே களமாக்கி, பாலு என்ற சிறுவனை உலவவிட்டார். பாலுவிடம் அவர் சாயல் உண்டு. ஆனாலும் அப்பாவும் வீட்டுப் பெண்களும் அவரவர் மனதோடு நிற்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம், பொறாமை, பயம் மாதிரி நமக்கே பிடிக்காத குணங்கள். அவற்றை வில்லன் தலையில் மட்டும் கட்டாமல், வாசகர் நேசிக்கப்போகும் ஆளுக்கும் கொடுங்கள்.