கராஜ் கேள்வி பதில்: மைனர் துள்ளினால்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனரில்தான் அம்மாவைக் கிழமைக்கு ஒருமுறை வைத்தியசாலைக்கு அழைத்துப் போகிறேன். சிறிய பள்ளத்தில் விழுந்தாலும் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. நான்கு சொக் அப்சோபரையும் கழற்றிவிட்டு, இப்போதைய வான் ஒன்றின் காஸ் சொக்கைப் போட்டால் பஞ்சு போல ஓடும் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். போடலாமா ஐயா? (வாசகி, உரும்பிராய்)

பதில்: வேண்டாம் பிள்ளை. போட்டால் அடுத்த கிழமை அம்மா ஓட்டோவில்தான் போவேன் என்று நிற்பார்.

காரின் பாரத்தைச் சொக் சுமப்பதில்லை. மைனரில் முன்னால் முறுக்குக் கம்பியும் பின்னால் தகட்டு ஸ்பிறிங்கும் சுமக்கின்றன. அவை அமுங்கி எழும்போது வரும் துள்ளலை எண்ணெயின் தடையால் அடக்குவது மட்டுமே சொக்கின் வேலை. உங்கள் கார் முக்கால் தொன் அளவுதான். பாரமான வானுக்கென்று செய்த சொக் இந்த எடைக்கு அசைந்துகொடுக்காது. அதில் காஸ் வேறு அடைத்திருந்தால், அது தண்டை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அப்படிப் போட்ட மைனர் ஒன்று என்னிடம் வந்தது. ஓட்டிப் பார்க்கப் போனவன், ஒழுங்கை முனையில் கிடந்த கல்லில் ஏறியதும் கூரையில் தலையை இடித்துக்கொண்டேன்.

முதலில் ரயர் காற்றைப் பாருங்கள். மைனருக்கு அந்தக் காலத்து ரயரில் முன்னால் 22, பின்னால் 24 இறாத்தல். இப்போதைய ரேடியல் ரயர் என்றால் இரண்டு மூன்று கூடலாம். காற்றடிக்கும் பையன்கள் எந்தக் காரைக் கண்டாலும் 32 அடித்துவிடுகிறார்கள். பாதிக் குலுக்கல் அங்கேதான். அடுத்து, பின் ஸ்பிறிங் தகடுகளைக் குனிந்து பாருங்கள். துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தால் அவை ஸ்பிறிங் அல்ல, இரும்புத் துண்டு. கழற்றித் துருவை உரசி, தகடுகளுக்கு இடையில் கிரபைட் கிறீஸ் பூசிப் பூட்டச் சொல்லுங்கள். மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளைகளான புஷ்களில் கிறீஸ் படக்கூடாது.

இத்தனைக்குப் பிறகுதான் சொக். காரின் ஒரு மூலையைக் கையால் நன்றாக அமுக்கி விடுங்கள். எழுந்து நின்றுவிட்டால் சொக் நலம். இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் அது போய்விட்டது.

மைனரின் சொக் நாம் வழக்கமாகக் காணும் குழாய் அல்ல. ஓர் உலோகப் பெட்டி, அதிலிருந்து நீளும் ஒரு கை. கை ஆடும்போது உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறிய வால்வு வழியாகத் தள்ளும். முன்பக்கத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது: அந்தக் கைதான் சில்லின் மேல்முனையைப் பிடித்திருக்கிறது. ஆகவே அதை எறிந்துவிட்டு வேறொன்றைத் தொங்கவிட முடியாது. குழாய்ச் சொக் மாட்டுகிறவர்களும் பெரும்பாலும் பழையதை வெறும் கையாக விட்டுவைத்துப் பக்கத்தில்தான் மாட்டுகிறார்கள். என் விருப்பம், பழையதையே புதுப்பிப்பது. ஆனால் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீலை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள். கை பூட்டியிருக்கும் தண்டும் அது சுழலும் துளையும் தேய்ந்திருந்தால் புதுச் சீலும் சில மாதங்களில் ஒழுகும்.

பின்னால் குழாய்ச் சொக் போட்டே தீர வேண்டும் என்றால், காஸ் இல்லாத எண்ணெய்ச் சொக்காக, இதே எடையுள்ள சிறிய காருக்கானதாகத் தேடுங்கள். கடைக்குப் போகுமுன் இரண்டு அளவு எடுங்கள். காரை உயர்த்திச் சில்லு தொங்கும்போது ஒன்று, அச்சு மேலே ரப்பர்க் கட்டையைத் தொடும்போது ஒன்று. சொக் முழுதாக நீண்டால் முதல் அளவைவிட ஓர் அங்குலமாவது கூடவும், முழுதாக ஒடுங்கினால் இரண்டாவதைவிட ஓர் அங்குலமாவது குறையவும் வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர்க் கட்டை வாங்க வேண்டிய அடியைச் சொக்கே வாங்கி உடையும். மாட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கினால் காற்று வெளியேறும். புஷ் போல்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே இறுக்க வேண்டும்.

முன் சொக்கைக் கழற்றும் கராஜ்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: சில்லின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கீழ்க்கைக்கு ஜாக் கொடுத்தீர்களா? முறுக்குக் கம்பி முறுகியபடியே இருக்கும். ஜாக் இல்லாமல் கழற்றினால் அந்தக் கீழ்க்கை பறக்கும்.

கேள்வி: என் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின், கை வைத்த லிவர் சொக்குக்கு எஞ்சின் ஒயில் ஊற்றலாமா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நம் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சொக்குக்கு நாங்கள் ஊற்றாத எண்ணெய் இல்லை. இன்று அந்தத் தரித்திரம் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் முன் ஃபோர்க்குக்கு விற்கும் 20ஆம் இலக்க எண்ணெய் சரியாக வேலை செய்கிறது. பிரேக் எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள், ஒரு மணல் துகள் வால்வில் சிக்கினாலே போதும். வாய் வரை நிரப்பாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பின் சொக்கின் இணைப்புத் தண்டைக் கழற்றிவிட்டுக் கையை மேலும் கீழும் ஆட்டினால் இடையில் வெறுமையாக வழுக்கும் இடம் தெரியும். அது காற்று. வழுக்கல் போகும்வரை ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்ற சத்தமும் இருந்தால், எண்ணெய்க்கு முன் அந்த இணைப்புத் தண்டின் ரப்பரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பக்கச் சொக் மட்டும் ஒழுகுகிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: போதாது. சோடியாக மாற்றுங்கள். பழையதை எறியாமல் என் போன்ற ஒருவரிடம் கொடுங்கள், உதிரிப்பாகத்துக்கு ஆகும்.