எலக்ட்ரானிக் டிரம்ஸில் மெஷ் ஹெட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

புது செட்டில் ஸ்னேர் பேட் தொளதொளவென்று இருக்கிறது, ஒரு அடி அடித்தால் சில சமயம் இரண்டு சத்தம் கேட்கிறது, இறுக்கினால் சுருதி ஏறிவிடுமோ என்று யோசிக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருதி ஏறாது, தாராளமாக இறுக்குங்கள். சாதாரண டிரம்ஸில் போல்ட்டை முறுக்கினால் சத்தமே மாறும், இங்கே சத்தம் வருவது மாட்யூல் என்ற, சத்தத்தை உருவாக்கும் பெட்டியில் இருந்து. பேடின் மேலே இருக்கும் வலைக்கு (இதுதான் மெஷ் ஹெட்) அடியில் உள்ள பீசோ சென்சார், அதாவது அதிர்வை உணரும் சிறு தகடு, எப்போது அடித்தீர்கள், எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்ற தகவலைத்தான் அனுப்புகிறது. ஸ்னேர் இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டுமென்றால் அதை மாட்யூலில்தான் மாற்ற வேண்டும்.

அதற்காக இறுக்கம் எப்படி இருந்தாலும் சரி என்று விட்டுவிடக் கூடாது, உங்களுக்கு இரட்டைச் சத்தம் வருவதற்கே அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறைய பேட்களில் நடுவில் ஒரு ஃபோம் கூம்பு வலையை லேசாகத் தொட்டுக்கொண்டு நிற்கும், அதன் அடியில் சென்சார் இருக்கும். வலை தளர்ந்திருந்தால் அடித்த பிறகும் அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தை மாட்யூல் இன்னொரு அடி என்று எடுத்துக்கொள்ளும். அதோடு குச்சி நேராகக் கூம்பின் மேலேயே போய் இடிக்கும், அதனால் நடுவில் அடித்தால் காதைப் பிளக்கும், ஓரத்தில் அடித்தால் பாதிச் சத்தம்கூட வராது. பக்கவாட்டில் சென்சார் வைத்த பேட்களில் நடுவில் இந்தத் தொந்தரவு இருக்காது, ஆனால் சென்சாருக்குப் பக்கத்தில் அடித்தால் சத்தம் கூடலாம்.

இப்போது இறுக்கும் முறை. செட்டோடு வரும் டிரம் கீ போதும். முதலில் எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு, வளையம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, விரலால் முடிந்தவரை திருகுங்கள். அப்புறம் கீயை வைத்து ஒரு போல்ட்டுக்கு அரைச் சுற்று, அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பதற்கு அரைச் சுற்று, இப்படியே குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் வளையம் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். பாதி இறுகியதும் அரைச் சுற்றைக் கால் சுற்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்குப் பக்கத்திலும் விரலால் அழுத்தியும் குச்சியால் மெதுவாகத் தட்டியும் பாருங்கள், மிருதங்கத்தில் மூட்டைச் சுற்றித் தட்டித் தட்டி எல்லா இடமும் ஒரே மாதிரி பேசுகிறதா என்று பார்ப்பார்களே, அதே வேலைதான். என்னைக் கேட்டால் எவ்வளவு இறுக்கம் என்பதைவிட எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கமா என்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்த பேடை மாட்யூலில் என்ன செய்தாலும் சரிக்கட்ட முடியாது.

புது வலை கொஞ்ச நாள் அடித்த பிறகு இளகும், அப்போது இன்னொரு முறை எல்லா போல்ட்டையும் பாருங்கள்.

அளவு என்று கேட்டால், நடுவில் விரலால் அழுத்தும்போது கொஞ்சம் இறங்க வேண்டும், ஆனால் கூம்பு விரலில் கல் மாதிரி இடிக்கக் கூடாது. ஸ்னேரை நன்றாக இறுக்குங்கள், டாம்களை அதைவிடக் குறைவாக, ஃப்ளோர் டாமை இன்னும் கொஞ்சம் குறைவாக. கிக் பேடில், காலால் மிதிக்கும் பெடலின் சுத்தி (பீட்டர்) வந்து அடிக்கும்போது வலை உள்ளே குழியாமல் இருந்தால் போதும். சிலர் எல்லா பேடையும் ஒரே மாதிரி விறைப்பாக வைப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மெஷ் ஏற்கெனவே குச்சியை நிஜ டிரம்மைவிட அதிகமாக எகிற விடும், அதையும் முறுக்கி வைத்துப் பழகினால் கை வேலை செய்யாமலேயே ரோல் (இடைவிடாத வேக அடி) வந்துவிடும், பிறகு மேடையில் ஒரு நிஜ ஃப்ளோர் டாமில் அதே ரோலைப் போடும்போது கை தடுமாறும். போதாததற்கு, பிளாஸ்டிக் உடம்புள்ள மலிவான பேடில் அளவுக்கு மீறி முறுக்கினால் போல்ட்டின் மரையும் கெட்டுப்போகும்.

இறுக்கி முடித்த பிறகுதான் மாட்யூலைத் தொட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இறுக்கம் மாறினால் சென்சாருக்குப் போகும் அதிர்வும் மாறும் என்பதால் சென்சிடிவிட்டியை மறுபடியும் பாருங்கள்: நீங்கள் வழக்கமாக அடிக்கும் பலமான அடிக்குத்தான் மீட்டர் உச்சத்தைத் தொட வேண்டும், நடுத்தரமான அடிக்கே தொட்டுவிட்டால் சென்சிடிவிட்டியைக் குறையுங்கள். த்ரெஷோல்டை, அதாவது எவ்வளவு மெதுவான அடிவரை மாட்யூல் எடுத்துக்கொள்ளும் என்ற எல்லையை, ரொம்ப ஏற்றினால் ஸ்னேரில் போடும் மெல்லிய கோஸ்ட் நோட்டுகள் காணாமல் போகும். இதற்குப் பிறகும் இரட்டைச் சத்தம் வந்தால் ஒரு அடிக்குப் பின்னால் வரும் அதிர்வை மாட்யூல் கண்டுகொள்ளாமல் விடச் செய்யும் ரீட்ரிகர் கேன்சலையோ மாஸ்க் டைமையோ ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே மாஸ்க் டைமை உச்சத்துக்குக் கொண்டுபோனால் இரட்டைச் சத்தம் நிற்கும்தான், ஆனால் ஒரே கையால் அடுத்தடுத்து வேகமாக இரண்டு அடி போடும் டபுள் ஸ்ட்ரோக்கில் இரண்டாவது அடியையும் அது விழுங்கிவிடும்.

உங்களுடையது புது செட் என்பதால் கூம்பு நன்றாகத்தான் இருக்கும். பழைய செட் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இறுக்கியும் நடுவில் சத்தம் சரியாக வரவில்லை என்றால் வலையைக் கழற்றி அந்த ஃபோமைப் பாருங்கள். அடிவாங்கி அமுங்கிப் போயிருந்தால் வலையைத் தொடாது, அதை மட்டும் மாற்றினால் போதும், முழு பேடும் வாங்கத் தேவையில்லை.