தடமில்லாத நாட்டிலிருந்து ஒரு லூஜ் வீரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குளிர்கால ஒலிம்பிக் பற்றிய தங்கள் கட்டுரையில், இந்தியாவின் பெரும் விளையாட்டு வீரர்களின் வரிசையில், லூஜ் எனும் பனிச்சறுக்குவண்டிப் போட்டியின் வீரர் சிவ கேசவனையும் வைத்திருந்தீர்கள். ஆறு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டும் அவர் ஒருமுறைகூட முதல் இருபது இடங்களுக்குள் வரவில்லை. 16 வயதில் அவர் ஒலிம்பிக் சென்றதும், இங்கே அந்த விளையாட்டில் வேறு ஆள் இல்லாததால்தானே? இது மிகையான பாராட்டு என்று தோன்றுகிறது.

ர.

அன்புள்ள ர.,

இடங்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். 1998இல் நகானோவில் 28ஆவது இடம்; 2006இல் டுரினில் பெற்ற 25ஆவது இடமே அவருடைய ஒலிம்பிக் பயணத்தின் உச்சம். ஆனால் உள்நாட்டில் போட்டியில்லை என்பதால் மட்டும் லூஜில் ஒலிம்பிக் வாய்ப்பு வந்துவிடாது. பன்னாட்டுப் போட்டிகளில் ஓடித் தகுதி பெற்றாக வேண்டும். மணாலிக்கு அருகிலுள்ள வசிஷ்ட் கிராமத்துப் பையன் ஒருவன் அதை எப்படிச் செய்தான் என்பதைப் பார்த்தால்தான் அந்த 28ஆவது இடத்தின் மதிப்பு விளங்கும்.

முன்னாள் லூஜ் வீரரான ஆஸ்திரியாவின் குந்தர் லெம்மரர், தொண்ணூறுகளின் நடுவில் ஹரியாணாவின் பஞ்ச்குலாவில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். அங்கே பனி ஏது? சறுக்குவண்டிகளில் சக்கரம் பூட்டித் தார்ச்சாலையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கேசவன் அங்கேதான் தேர்வானார். உண்மையான பனித்தடத்தில் பழக வெளிநாடு போகவேண்டியிருந்தது. அப்படிப் பழகியவர் ஓரிரு ஆண்டுகளில் நகானோவின் தொடக்கக் கோட்டில் நின்றார்.

லூஜ் வண்டியில் வீரர் மல்லாந்து, கால்களை முன்னே நீட்டிப் படுத்திருப்பார். பிரேக் கிடையாது. வண்டியின் முன்வளைவுகளைக் கெண்டைக்கால்களால் அழுத்தியும் தோள்பட்டையின் எடையைச் சற்றே மாற்றியும்தான், மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் அதைத் திருப்பவேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால் காற்று தடுத்து நேரம் போகும் என்பதால், வளைவுகளை உடல் மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டும். நேரமோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படுகிறது. அந்த மனப்பாடம் ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் இறங்குவதால் மட்டுமே வரும். இந்த விளையாட்டில் திறமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அதுதான் என்பது என் எண்ணம்.

18 வயதில் உலகச் சாம்பியனாகி, 20 வயதில் வான்கூவரில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் லோக் இதற்குச் சான்று. அவருடைய தந்தை லூஜ் பயிற்சியாளர். லோக் வளர்ந்த பெர்க்டெஸ்காடன் பகுதியில்தான் கோனிக்ஸே தடம் இருந்தது. செயற்கையாகக் குளிரூட்டப்பட்ட உலகின் முதல் தடம் அது. அப்படிப்பட்ட தடங்கள் அப்போது அந்த நாட்டில் நான்கு. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. கேசவன் இமயமலை நெடுஞ்சாலையில், லாரிகளுக்கும் ஆட்டுமந்தைகளுக்கும் இடையே, சக்கரவண்டியில் பழகினார். லோக்கின் மேதைமையை இது குறைக்காது. ஆனால் இருவருடைய இடங்களையும் ஒரே கோலால் அளப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2014இல் சோச்சியில் நடந்த ஒரு பயிற்சி ஓட்டத்தின் காணொளியை அவசியம் பாருங்கள். கேசவன் வண்டியிலிருந்து விழுகிறார். வண்டியை விடாமல் பற்றியபடி பனியில் சறுக்கிப் போகிறவர், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின்மேல் மீண்டும் ஏறிப் படுத்து ஓட்டத்தைத் தொடர்கிறார். அந்த உடலறிவு தற்செயலாக வாய்ப்பதன்று. இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால், அந்தப் போட்டியில் அவர் தேசியக்கொடி இல்லாமல் ஒலிம்பிக் கொடியின்கீழ் ஓடினார் என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் கசக்கிறது.

2011இல் ஜப்பானியர்களின் சொந்தத் தடமான நகானோவில் கேசவன் ஆசிய லூஜ் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றார். பிறகு மேலும் மூன்று முறை. ஆசியக் களம் ஐரோப்பியக் களம் அளவுக்கு வலியதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஜப்பானியர்களுக்குத் தங்கள் நாட்டிலேயே தடம் இருந்தது.

பாராட்டு மிகை என்கிறீர்கள். எனக்கோ அது மிகத் தாமதமாக வந்தது என்பதுதான் குறை. அர்ஜுனா விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது 2020இல், கடைசி ஒலிம்பிக்கில் ஓடி முடித்து இரண்டு ஆண்டுகள் கழித்து. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து சென்றவர் ஒரே ஒருவர். அவரும் மலைச்சரிவில் சறுக்கும் வீரர், லூஜ் வீரரல்லர்.