ஊடாடும் பயிற்சி இருக்கும்போது ஆவணம் எதற்கு?

நிரல் மொழி படிக்கத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. ஊடாடும் பயிற்சி என்றால், பாடமும் நிரல் எழுதும் பெட்டியும் ஒரே பக்கத்தில் இருப்பது. எழுதி ஓட்டினால் விடை உடனே தெரியும். ஆவணம் என்றால், மொழியில் எது எப்படி வேலை செய்யும் என்று விளக்கும் குறிப்புகள். கோ (Go) என்ற நிரல் மொழியின் அதிகாரபூர்வப் பாடம் அப்படித்தான். உலாவி மட்டும் போதும்.

பிழை விட்ட கணமே திருத்தம் கிடைத்தால்தான் மனதில் நிற்கும். பத்துப் பக்கம் வாசித்துவிட்டு மாட்டிக்கொண்டால் எங்கே பிழைத்தது என்றே தெரியாது. அதனால் பயிற்சி தயாரிப்பவர்கள் ஒரு படிக்கு ஒரு புதிய விஷயம்தான் வைக்க வேண்டும். பிழைச் செய்தியை மட்டும் மறைத்துவிடாதீர்கள். நிஜ வேலையில் நாள் முழுக்க அதன் முகத்தில்தான் முழிக்கப் போகிறோம்.

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு முதல்தடவை போகும்போது அக்கா கூட வந்து, பஸ் ஏற்றி, இறங்கும் இடம் காட்டுவார். அது பயிற்சி. அப்புறம் மருதானைக்கோ தெமட்டகொடைக்கோ தனியே போக வரைபடம் வேண்டும். அது ஆவணம். வரைபடத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, தேவைப்பட்ட இடத்தைத் தேடுவோம். பைத்தன் (Python) என்ற நிரல் மொழியும் வரிசையாகப் படிக்க ஒரு பாடம், தேடிப் பார்க்க நூலகக் குறிப்பு (மொழியோடு வரும் தயார் நிரல்களின் விளக்கம்) என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

பயிற்சியை முடித்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் திரையில் தனியே ஒன்றை எழுதும்போதுதான் வந்ததா இல்லையா என்று தெரியும்.