முடி நடவு செய்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தலையில் எரிச்சல்: எங்கே தேட வேண்டும்?

வாசகர் ஒருவர் எழுதிய கேள்வியின் சுருக்கம் இது: "எனக்கு வயது 41. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எஃப்யூஇ முறையில் முன்னந்தலையிலும் உச்சியிலும் முடி நடவு செய்துகொண்டேன். முடி நன்றாகவே வளர்ந்தது. கடந்த எட்டு மாதங்களாக உச்சந்தலையில் எரிச்சலும் பின்மண்டையில் இழுத்துப் பிடிப்பது போன்ற வலியும் இருக்கின்றன. சீப்பு பட்டால் கூசுகிறது. ஹெல்மெட் அணிந்து அரைமணி நேரம் வண்டி ஓட்டினால் தாங்க முடியவில்லை. வெளியே பார்த்தால் எதுவும் தெரியவில்லை. நடவு செய்த இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். இது மனப்பிரமையா? நெற்றியோரம் இன்னும் கொஞ்சம் அடர்த்திக்காக இரண்டாவது முறை செய்துகொள்ளலாமா?"

மனப்பிரமை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோல் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே அதனுள் ஓடும் நரம்பு நலமின்றி இருக்கலாம். அதேபோல, வெறுங்கண்ணுக்குத் தெரியாத அழற்சி லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது வலியின் தன்மையைவிட அது தொடங்கிய காலம்தான். நடவுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்து, எட்டு மாதங்களுக்கு முன்புதான் எரிச்சல் ஆரம்பித்திருக்கிறது. தேட வேண்டிய திசையையே இது மாற்றிவிடுகிறது.

எஃப்யூஇ முறையில் ஒவ்வொரு வேர்க்காலையும் ஏறக்குறைய 0.8 முதல் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள பஞ்ச் என்னும் வட்ட வடிவக் கத்தி கொண்டு தனித்தனியாக எடுக்கிறார்கள். 2,000 கிராஃப்ட், அதாவது எடுத்து நடும் வேர்க்கால்கள், என்றால் பின்மண்டையில் 2,000 சிறு துளைகள், முன்னால் அதே அளவு கீறல்கள். தோலின் மெல்லிய நரம்பு இழைகள் இரண்டு இடங்களிலும் அறுபடத்தான் செய்யும். அதனால்தான் முதல் சில வாரங்கள் தலை மரத்துப்போய், வேறு யாருடைய தலையையோ தொடுவது போல இருக்கும். அறுபட்ட நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். அது வளர்ந்து இணையும் காலத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் சுருக்கென்று குத்துவதும் வரும். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் இவை அடங்கிவிடுகின்றன. பட்டையாகத் தோலை அறுத்தெடுக்கும் எஃப்யூடி முறையில் வெட்டு ஆழமாகப் போவதால் பிடரி நரம்பின் பெரிய கிளைகளே பாதிக்கப்பட்டு, தழும்பை ஒட்டி வலி நெடுநாள் நிற்பதுண்டு. அறுபட்ட நரம்பின் நுனி முடிச்சாகத் திரண்டு நியூரோமா என்னும் கட்டியாகவும் ஆகலாம். இப்படி அறுவையால் நேரும் நரம்பு வலி பெரும்பாலும் அறுவை நடந்த நாள்களிலிருந்தோ அடுத்த சில மாதங்களிலோ தொடங்கிவிடும். இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்த தலையில் புதிதாக எரிச்சல் வந்தால், "நடவு செய்ததால் அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

மருத்துவரிடம் போகுமுன் வீட்டில் ஒன்று செய்யுங்கள். கண்ணாடி முன் அமர்ந்து, ஒற்றை விரல் நுனியால் வலிக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுங்கள். வீட்டில் ஒருவரிடம் அந்த இடங்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். "தலை முழுக்க" என்று சொல்பவர்கள்கூட விரல் வைக்கச் சொன்னால் இரண்டு மூன்று இடங்களில்தான் வைப்பார்கள். முடி எடுத்த இடமா, நட்ட இடமா, இரண்டுமே இல்லாத இடமா என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். உங்களுக்கு இரண்டு வேறு இடங்களில் இரண்டு வேறு உணர்வுகள் இருக்கின்றன. அவற்றை ஒரே நோயாகக் கருத வேண்டியதில்லை.

உச்சியில் நட்ட இடத்து எரிச்சலைத்தான் நான் அவசரமாகப் பார்க்கச் சொல்வேன். லைக்கன் பிளானோபைலாரிஸ் என்றொரு நோய் இருக்கிறது. உடலின் எதிர்ப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்கி, அது இருந்த இடத்தைத் தழும்பாக்கிவிடும். முடி நடவுக்குப் பின் சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகள் வரையிலான இடைவெளியில் இது தலைகாட்டிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. காயம் பட்ட தோலில் லைக்கன் எழும் இயல்பு உண்டு என்பதும் தோல் மருத்துவத்தில் நெடுநாளாக அறியப்பட்டதே. பின்மண்டை முடியை எங்கே நட்டாலும் அது தன் இயல்பை விடாது என்பதை நியூயார்க்கின் நார்மன் ஆரன்ட்ரைக் 1959இல் எழுதினார். முடி நடவுத் துறையே அந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்த உறுதி ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கைக்கு எதிராக மட்டுமே. லைக்கன் நட்ட முடி, பழைய முடி என்று பார்ப்பதில்லை. "நட்ட முடி ஆயுளுக்கும் கொட்டாது" என்று விளம்பரத்தில் படித்தவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இந்நோயில் முடி கொட்டுவதற்கு முன்பே எரிச்சலும் அரிப்பும் தொட்டால் வலியும் வந்துவிடுவது உண்டு. டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கும் கருவியை வைத்து வகிடு பிரித்துப் பார்த்தால், முடி தோலிலிருந்து வெளிவரும் இடத்தில் அதைச் சுற்றி வெள்ளைச் செதில் குழாய் போலக் கவ்வியிருக்கும். அடியில் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். நோய் முற்றிய இடத்தில் மயிர்க்கால்களின் துளைகளே காணாமல் போய்த் தோல் வழவழப்பாகிவிடும். ஐயம் இருந்தால் 4 மில்லிமீட்டர் பஞ்ச் பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, செய்ய வேண்டும். செலவழித்து நட்ட முடியில் சில போய்விடுமே என்று தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒன்றிரண்டு தையலில் ஆறிவிடும் அந்தச் சிறு துண்டு, மீதி முடி அத்தனையையும் காப்பாற்றக்கூடும். சதையை வழுக்கையான நடுப்பகுதியிலிருந்து எடுக்காமல், முடி இன்னும் இருக்கும் சிவந்த ஓரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் தழும்பு மட்டுமே அகப்படும். நோய் உறுதியானால் வீரியமான ஸ்டீராய்டு பூச்சு, தோலுக்குள் டிரையாம்சினலோன் ஊசி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் அல்லது டாக்சிசைக்ளின் மாத்திரை என்று சிகிச்சைகள் உள்ளன. எதுவும் போன முடியைத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். அதனால்தான் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

உச்சி எரிச்சலுக்கு இதைவிடச் சாதாரணக் காரணங்களே மிகுதி. எண்ணெய்ப் பசையோடு வரும் பொடுகு அழற்சி கீட்டோகோனசோல் ஷாம்பூவுக்கே அடங்கும். நடவுக்குப் பின் மினாக்சிடில் தொடர்ந்து பூசிவருகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பூசுவதாக இருந்தால் அதையும் சந்தேகியுங்கள். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட மருந்தே திடீரென்று ஒவ்வாமையாக மாறலாம். பெரும்பாலும் குற்றவாளி அதில் கலந்திருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால். அது இல்லாத நுரை வடிவ மினாக்சிடிலுக்கு மாறினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது. தலைச்சாயமும் அப்படித்தான். அதோடு, முடி அடர்த்தியாகட்டும் என்று சின்ன வெங்காயச் சாறு, பூண்டு விழுது தேய்ப்பவர்கள் அதை உடனே நிறுத்த வேண்டும். பூண்டு தோலை வேகவைத்தது போல் புண்ணாக்கிவிடும். வலிக்குத் தைலம் தேய்ப்பதும் எரிச்சலைக் கூட்டவே செய்யும். மரத்துப்போன பகுதி ஏதேனும் மிச்சமிருந்தால், காய்ச்சிய எண்ணெயோ ஹேர் டிரையரோ சுடுவது உங்களுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்மண்டை இழுப்புக்கு வருகிறேன். பிடரியின் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி, மண்டையோட்டின் விளிம்புக்குச் சற்று மேலே, பெரிய பிடரி நரம்பு தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு ஏறுகிறது. அந்த இடத்தை விரலால் தட்டும்போது உச்சி வரை மின்சாரம் பாய்வது போல இருந்தால் அந்த நரம்பில்தான் கோளாறு. பஞ்சு இழையால் இரு பக்கமும் வருடி, ஒரு பக்கம் கூசுகிறதா, மந்தமாக இருக்கிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார். அங்கே மரத்துப்போக வைக்கும் லிக்னோகேய்ன் ஊசியைச் சிறிதளவு போட்டதும் வலி மறைந்தால் நோயும் உறுதியாகிறது, சிகிச்சையும் தொடங்கிவிடுகிறது. இந்த நரம்பு கழுத்தின் இரண்டாம் எலும்பு மட்டத்திலிருந்து வருவதால், நாள் முழுக்கக் கணினி முன் கழுத்தை நீட்டி உட்கார்வதும், இறுக்கமான ஹெல்மெட் பிடரியில் அழுத்துவதும் அதைச் சீண்டும். அளவு சரியான ஹெல்மெட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். அணியாமல் மட்டும் போகாதீர்கள். கழுத்துத் தசைகளுக்கான பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

இவை எதிலும் விடை கிடைக்காவிட்டால் சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அவையும் சரியாக இருந்தால் டிரைக்கோடினியா என்று பெயரிடப்பட்ட தலைத்தோல் வலி எஞ்சும். முடி உதிரும் காலத்தில், குறிப்பாக மனக்கவலையும் தூக்கமின்மையும் சேரும்போது, இது வரக் காண்கிறோம். இதற்கும் நரம்பு வலிக்கும் இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலினோ கபாபென்டினோ எழுதித் தருவது வழக்கம். மருந்துச் சீட்டில் அமிட்ரிப்டிலின் என்று பார்த்ததும் மனநோய் மாத்திரை என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மிகக் குறைந்த அளவில் அது நரம்பின் மிகையுணர்வைத் தணிக்கவே தரப்படுகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

இரண்டு நிலைமைகளில் காத்திருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் எரிந்து சில நாளில் கொப்புளம் எழுந்தால் அது அக்கி. எழுந்த மூன்று நாள்களுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. நெற்றிப் பக்கம் வந்தால் கண்ணையும் உடனே காட்ட வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவருக்குத் தலை சீவினால் வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். அது பார்வையையே பறிக்கக்கூடியது என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உங்கள் வயதுக்கு இது பொருந்தாது. வீட்டில் பெரியவர்கள் இருப்பார்களே என்றுதான் எழுதினேன்.

இரண்டாவது நடவு இப்போது வேண்டாம். நடவு செய்தவரிடம் அல்லாமல், முடி நோய்களைப் பார்க்கும் வேறொரு தோல் மருத்துவரிடம் டெர்மோஸ்கோப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். போவதற்கு முந்தைய நாள் எண்ணெய் தேய்க்க வேண்டாம், தலைக்குக் குளிக்கவும் வேண்டாம். குளித்தால் செதில் கழன்றுபோய்ப் பார்க்க வேண்டியதே மறைந்துவிடும். லைக்கன் என்று தெரிந்தால், அது முற்றிலும் அடங்கி ஓரிரு ஆண்டுகளாவது அமைதியாக இருக்க வேண்டும். அதுவரை எவர் தேதி கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிடரி நரம்புதான் காரணம் என்று தெரிந்தால், வலி அடங்குமுன் அதே பின்மண்டையில் மீண்டும் ஆயிரம் துளையிடுவதை நான் அனுமதிக்க மாட்டேன்.