மூடுபனியும் பொங்கல் பயணமும்

அன்புள்ள ஐயா,

நான் டெல்லியை அடுத்த குருகிராமில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிக்கு அருகே ஒரு கிராமம். சென்ற பொங்கலுக்கு ஜனவரி 13 அதிகாலை விமானத்தில் சென்னை சென்று, அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. மூடுபனியால் எங்களை விமானத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் உட்கார வைத்திருந்து, கடைசியில் ரத்து என்று இறக்கிவிட்டார்கள். மனைவி, ஆறு வயது மகளுடன் மறுநாள்தான் கிளம்ப முடிந்தது. மாட்டுப் பொங்கலன்று மாலையில் வீடு சேர்ந்தபோது, எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்த பொங்கலை அம்மா பசுவுக்கு வைத்துவிட்டிருந்தார். "பிப்ரவரியில் போ, பனியும் இருக்காது, கட்டணமும் குறைவு, பெற்றோரைப் பார்ப்பதுதானே முக்கியம்" என்கிறார்கள் நண்பர்கள். மறுத்துச் சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, மனம் மட்டும் ஒப்பவில்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்., குருகிராம்

அன்புள்ள எம்.,

பொங்கலுக்கே போங்கள். ஊருக்குப் போவதென்றால் பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று மட்டும் உங்கள் நண்பர்கள் எண்ணுவதால்தான் அவர்கள் சொல்வது சரியாகத் தோன்றுகிறது. பிப்ரவரியில் பெற்றோர் இருப்பார்கள். ஆனால் திருப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து சேரும் உடன்பிறந்தவர்களும், தலைப்பொங்கலுக்கு வந்திருக்கும் அக்கா மகளும், உங்கள் மகளோடு தெருவில் ஓடியாடப் பிள்ளைகளும் இருக்கமாட்டார்கள். விடியுமுன் முற்றத்துக் கோலத்தின் நடுவே, காவியும் சுண்ணாம்பும் தீட்டிய அடுப்புக்கட்டிகளை வைத்து, பனையோலையைச் செருகி எரித்து, மஞ்சள் குலை கட்டிய பானை பொங்கி வழியும்போது எல்லோரும் குலவையிடுவதை அந்தக் குழந்தை ஆண்டில் ஒரு நாள்தான் பார்க்க முடியும். சிறுகிழங்கும் பனங்கிழங்கும் சந்தைக்கு வந்து குவிவதும் அந்த வாரத்தில்தான். பிரிந்து கிடக்கும் குடும்பங்கள் கூடுவதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு நாள் வேண்டியிருக்கிறது. அதை அவரவர் வசதிக்கு மாற்றத் தொடங்கினால், ஆளுக்கொரு மாதத்தில் வந்து யாரையும் சந்திக்காமல் திரும்பிக்கொண்டிருப்போம்.

ஆனால் டெல்லியின் பனியை எதிர்பாராத விபத்தைப் போல நினைத்துச் சீட்டு எடுக்கக் கூடாது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுவதும் கங்கைச் சமவெளியில் அது ஆண்டுதோறும் வருவது. மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த இடையூறு மழையையும் ஈரத்தையும் விட்டுச் சென்றபின், காற்று அடங்கி வானம் தெளிந்த இரவுகளில் தரை வேகமாகக் குளிர்கிறது. பாசனம் பெற்ற கோதுமை வயல்களின் ஈரமும் நகரத்தின் மாசுத் துகள்களும் சேர, நள்ளிரவுக்குப் பின் மூடுபனி திரண்டு, பெரும்பாலும் முற்பகலில்தான் விலகுகிறது. நீங்கள் சீட்டு எடுத்திருந்த அதிகாலை அதன் உச்ச வேளை.

ஓடுபாதையில் 50 மீட்டர் தொலைவு வரை கண்ணுக்குத் தெரிந்தாலே இறங்குவதற்கான 'கேட் 3பி' (CAT IIIB) என்னும் கருவிவழித் தரையிறக்க வசதி டெல்லியில் இருக்கிறது. அதற்கு விமானமும் தகுதி பெற்றிருக்க வேண்டும், விமானியும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஆனால் மேலெழும்புவதற்கு ஏறத்தாழ 125 மீட்டர் தெரிய வேண்டும். எனவே இறங்கிய விமானங்கள் கிளம்ப முடியாமல் நிற்க, நிறுத்துமிடங்கள் நிரம்பி, பின்னால் வருபவை ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பப்படுகின்றன. காத்திருக்கும் நேரமும் விமானிகளின் பணிநேரத்தில் சேருவதால், பனி விலகியபின்னும் அவர்கள் ஓட்ட முடியாமல் போவதுண்டு. உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாக இருக்கலாம். 2024 ஜனவரி 14, அவ்வாண்டின் போகியன்று, நிலைமை மிகவும் மோசமானது. கோவாவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்டு மும்பைக்குத் திருப்பப்பட்ட பயணிகள், விமானத்தின் அருகிலேயே தரையில் அமர்ந்து உணவருந்திய காட்சியை நாடே பார்த்தது. மறுநாள் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ரத்து செய்துவிடலாம் என்று நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் அளித்தது. குழந்தைகளை விமானத்துக்குள் அடைத்து வைத்து, "இன்னும் அரை மணி" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். பனிக்கு யாரும் பொறுப்பில்லை, உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கு நிறுவனமே பொறுப்பு. சென்னை செல்லும் தூரத்துக்கு மூன்று மணி நேரத் தாமதத்துக்கு மேல் உணவு தரவேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானத்தையோ முழுத் தொகையையோ நீங்கள் கேட்டுப் பெறலாம். பனி காரணம் என்றால் அதற்கு மேல் இழப்பீடு கிடையாது.

போகிக்கு முதல் நாளுக்கும் முன்பாகவே கிளம்பிவிடுங்கள். போகி விடியற்காலையில் சென்னையிலும் புகைமூட்டம் உண்டு. 2018இல் அன்று காலை அங்கே இறங்க முடியாத விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பப்பட்டன. நண்பகலை ஒட்டிய விமானமாகப் பாருங்கள். இரவு விமானத்துக்குப் பனி இல்லாவிட்டாலும், அதே விமானம் காலையிலிருந்து நான்கைந்து ஊர்களுக்குப் போய்வரும்போது சேர்த்த தாமதம் முழுவதும் உங்கள் தலையில் விழும். சென்னையில் இறங்கிய அன்றே ரயில் பிடிக்க நினைக்காமல், ஓர் இரவு தங்கி மறுநாள் பிற்பகல் வந்தே பாரத்தில் போனால் இரவுக்குள் நெல்லை சேரலாம். தனித்தனியாக எடுத்த சீட்டுகளில் ஒன்று தவறினால் மற்றொன்றுக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். விடுப்பு தாராளமாக இருந்தால், டெல்லி நிஜாமுதீன் நிலையத்திலிருந்து நெல்லை வழியாகக் கன்னியாகுமரி செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸையும் எண்ணிப் பாருங்கள். வடக்கே பனியில் ஊர்ந்தாலும் ரயில் நகர்ந்துகொண்டாவது இருக்கும். முன்பதிவுக் காலம் 60 நாளாகக் குறைந்துவிட்டதால் நவம்பர் நடுவிலேயே விழிப்பாக இருக்க வேண்டும்.

அம்மாவிடம் விமானத்தின் நேரத்தைச் சொல்லாதீர்கள், வந்து சேரும் நாளை மட்டும் சொல்லுங்கள். தாமதமானால் "இதோ ஏறிவிட்டோம்" என்று ஆறுதலுக்காகச் சொல்லாமல், உள்ளதை உடனே சொல்லிவிடுங்கள். சென்ற ஆண்டு ஒன்றரை நாள் அந்தப் பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்த்திருப்பார். எல்லா முயற்சிக்கும் பிறகும் பொங்கலன்று சேர முடியாமற் போனால், உங்கள் பகுதியில் தைப்பொங்கல் கழிந்த பின் சிறுமிகளுக்காகச் சிறுவீட்டுப் பொங்கல் வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை அம்மாவிடம் சொல்லி உங்கள் மகளுக்கு வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் இரண்டு நாள் சேர்த்தே இப்போது விடுப்பு எழுதிக் கொடுங்கள்.